பாக்கி நின்ற ஆமென்

1

"இவ்வளவு கல்லையும் எங்கேருந்து எடுத்தீங்க?"

இந்தக் கதை இந்தக் கேள்வியில் பிறந்தது, என் மூளையில் அல்ல. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேட்டவள் எங்கள் ஊர்க் கடைக்காரரின் மகள், ஏழு வயது, மஞ்சள் மழைச்சட்டை போட்டவள். கேட்ட இடம் மக்கெல்வார் குலச் சங்கம் பள்ளத்தாக்கின் வாசலில் எழுப்பிய புதிய நினைவுக் கற்குவியல். நாடா வெட்டி, பைப் வாத்தியம் ஊதி முடித்து, ஆண்கள் எல்லாம் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னோர்களுக்காக மௌனம் காத்த நேரத்தில் கேட்டாள். மௌனத்துக்குள் விழுந்த கேள்வி என்பதால் கடைசி வரிசை வரை கேட்டது.

சங்கத் தளபதி டார்க்வில் மக்கெல்வார் குனிந்தார். அவர் குனிந்தபோது தொப்பியில் இருந்த கழுகு இறகுகளும் குனிந்தன.

"மலையிலேருந்துதான் கண்ணு. மலை நமக்குக் குடுத்துச்சு."

கூட்டம் இளகிச் சிரித்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"எப்பக் குடுத்துச்சு?"

அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆசிரியை. உலகெங்குமிருந்து குலத்தார் வந்து கூடும் இந்த விழாவைப் பற்றி ஒரு கதை எழுதச் சொல்லியிருந்தார் டார்க்வில். "நெஞ்சைத் தொடணும் டோலினா. ஆனா சோகமா இருக்கக் கூடாது. கனடாவிலேருந்து வந்தவங்கள்லாம் படிப்பாங்க" என்றார். அந்தக் கதை மலரில் வந்திருக்கிறது. நெஞ்சைத் தொடுகிறது, சோகம் இல்லை, ஒரு வார்த்தையும் உண்மை இல்லை. இது அதை எழுத உட்கார்ந்தபோது குறுக்கே வந்து நின்றது.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. முயன்றவற்றை அப்படியே வைக்கிறேன்.

"மூடுபனி மெல்ல விலகியபோது, முன்னோர்களின் பள்ளத்தாக்கு தன் —"

வேண்டாம். எங்கள் பள்ளத்தாக்கில் மூடுபனி விலகினால் தெரிவது மின்கம்பங்களும், ஒதுங்க இடம் தெரியாமல் நடுச்சாலையில் நிற்கும் வாடகை வேன்களும்தான்.

"இரத்தம் அழைத்தது. உலகின் நாலா மூலைகளிலிருந்தும் மக்கெல்வார்கள் —"

இரத்தம் யாரையும் அழைத்ததாக எனக்குத் தெரியாது. செயலாளர் மின்னஞ்சல் அனுப்பினார். வராதவர்களுக்கு மறுபடியும் அனுப்பினார்.

"டார்க்வில் மக்கெல்வார் ஒரு முட்டாள்."

இதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்கமான, நன்றாக நிற்கக்கூடிய வாக்கியம். ஆனால் சகோதரனை முட்டாள் என்று சொல்பவனுக்கு நரக நெருப்பு காத்திருக்கிறது என்பதை ஞாயிறுப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அதனால் அடித்துவிட்டேன். (அடித்ததை நீங்கள் படிக்கும்படி விட்டுவைத்திருக்கிறேன். அது வேறு கணக்கு. அதையும் ஆண்டவரிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.)

3

குலச் சங்கத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

குலத் தலைவர் தொப்பியில் மூன்று கழுகு இறகு வைக்கலாம். கிளைத் தலைவர் இரண்டு. அரசிடம் தன் பெயரில் குடும்ப முத்திரை வாங்கியவர் ஒன்று. மற்றவர்களுக்கு வெறும் தொப்பி. எங்கள் குலத்துக்குத் தலைவர் பரம்பரை அற்றுப்போய்விட்டது. ஆகவே சங்கம் டார்க்வில்லைத் தளபதியாக்கியது. தளபதிக்கு எத்தனை இறகு? இதைப் பேசித் தீர்க்க இரண்டு குளிர்காலம் ஆனது. இரண்டு பேர் சங்கத்தைவிட்டு விலகினார்கள். ஒரு சம்பந்தம் முறிந்தது. கடைசியில் இரண்டு இறகு என்று முடிவானது. அந்தக் குளிர்காலங்களில்தான் இதே ஊரில் தனியாக வாழ்ந்த ஒரு முதியவர் படுத்த படுக்கையானார். அவருக்குச் சூப் கொண்டுபோகச் சங்கத்தில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. கொண்டுபோனவர்கள் குலம் கோத்திரம் எதுவும் இல்லாத, போலந்திலிருந்து வந்த மரம் வெட்டும் தொழிலாளிகள்.

விழா நாட்களில் எல்லோரும் எல்லோரையும் "பங்காளி" என்றுதான் அழைக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையிலும் பெயருக்குக் கீழே அதுவே அச்சடித்திருக்கும். டெக்சாஸிலிருந்து வந்த பல் மருத்துவரும் உலகின் மறுகோடி டுனெடினிலிருந்து வந்த டிராக்டர் வியாபாரியும் மண்டபத்து வாசலில் கட்டிப்பிடித்து "பங்காளி!" என்று அலறுவார்கள். பிறகு யாருடைய கில்ட்டின், இடுப்பில் சுற்றும் அந்த ஆண்பாவாடையின், கட்டங்கள் பழையவை என்று வாக்குவாதம் தொடங்கும். இரண்டும் ஒரே தறிக்கூடத்தில், எங்கள் காலத்தில் நெய்தவை.

மண்டபத்தின் சுவரில் கடைசித் தலைவர் சர் இவானின் படம் தொங்குகிறது. வெள்ளை மீசை, வெள்ளை நாய். அவர்தான் ஆடு மேய்ப்பது இலாபம் என்று கணக்குப் பார்த்து, இந்தப் பள்ளத்தாக்கின் மக்களைக் காரியஸ்தனை விட்டுக் காலி செய்து கப்பல் ஏற்றியவர். விழாவின் சனிக்கிழமை விருந்தில், கப்பலில் போனவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அந்தப் படத்துக்கு எதிரே எழுந்து நின்று அவருக்காகக் கோப்பையை உயர்த்துகிறார்கள். பரிமாறுவது ஆட்டுக்கறி.

இதை நான் மிகைப்படுத்தவில்லை. மிகைப்படுத்தும் வேலையை அவர்களே செய்துவிடுவதால் எழுதுகிறவளுக்கு மிச்சம் எதுவும் வைப்பதில்லை.

இந்த ஆண்டு, போனவர்களுக்காக நினைவுச் சின்னம் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கற்குவியல் எழுப்பினார்கள். ஆள் உயரத்துக்கு மேல், அழகாக அடுக்கியது. பலகையில் "இங்கிருந்து போனவர்களுக்கு, இங்கிருப்பவர்கள்" என்று எழுதியிருக்கிறது. (போனவர்கள் போகவில்லை, விரட்டப்பட்டார்கள். இருப்பவர்கள் இங்கே இல்லை, தலைநகர் எடின்பரோவில் இருக்கிறார்கள். ஒரே வரியில் இரண்டு பொய்.) வேலை நடந்த வசந்தம் முழுக்க மேட்டுப் பாதையை அடைத்துவைத்திருந்தார்கள். எனக்கோ முழங்கால் வலி. ஆகவே அந்தச் சிறுமி கேட்கும்வரை எனக்கும் அந்தக் கேள்வி எழவில்லை.

4

இனி மார்சலி வருகிறாள்.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் தேநீர் ஊற்றுவது என் முறை. எழுபதைத் தாண்டிய ஒருத்தி, ஆண்கள் போடும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையோடு, ஒரு காலைச் சற்று இழுத்தபடி வந்தாள். கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள். ஒரு வாய் குடித்தாள்.

"இது டீயா, டீப்பானையக் கழுவின தண்ணியா?"

"கழுவின தண்ணிதான். டீ அந்த மேடையில உக்காந்திருக்கிறவங்களுக்கு."

அவள் மேடையைப் பார்த்தாள். டார்க்வில் ஒலிபெருக்கியில் "பங்காளிகளே" என்று தொடங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சேவலு யாரு?"

"எங்க தளபதி."

"எந்தச் சண்டைக்கு?"

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கனடாவின் கேப் பிரட்டனிலிருந்து தனியாக வந்திருந்தாள். மீன் வெட்டும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சங்கத்தில் சேர்ந்ததே, விழாவுக்கு வருகிறவர்களுக்கு விமான நிலையத்திலிருந்து வண்டி வைக்கிறார்கள் என்பதற்காக.

"எனக்குப் பங்காளி யாரும் வேணாம்மா. ஒரு வீட்டைப் பாக்கணும். மேட்டுல, ஓடையைத் தாண்டினா முதல் வீடு. வாசல்ல உரல் கெடக்கும்."

பார்லி குத்துகிற கல்லுரலைச் சொல்கிறாள். பழைய வீடுகளில் நிலைப்படிக்குப் பக்கத்தில் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும்.

"பாத்துட்டு?"

"ஒரு வார்த்தை சொல்லணும்."

"யாருகிட்ட?"

கட்டைவிரலால் கூரையைக் காட்டினாள். கூரையில் சங்கக் கொடி தொங்கியது. அதற்கு மேலே என்று புரிந்துகொண்டேன்.

அவள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். காரியஸ்தனின் ஆட்கள் வந்த மாலையில் அவளுடைய பாட்டனின் பாட்டன் வீட்டாரோடு முழங்காலில் இருந்தார். ஜெபம் பாதியில் இருக்கும்போது கூரை உத்தரத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டார்கள். எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஆமென் சொல்லவில்லை. கடல் கடந்து, மரத்தை வெட்டிக் குடிசை போட்டு, முதல் நாள் குடும்ப ஜெபம் முடிந்தபோது எல்லோரும் கிழவரின் ஆமெனுக்காகக் காத்திருந்தார்கள். அவர் எழுந்துவிட்டார். அங்கே தொடங்கியது இன்னும் முடியவில்லை, அதை முடிக்காமல் இன்னொன்றை எப்படி முடிப்பது என்று கேட்டாராம். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் வீட்டில் ஆமென் சொல்வதில்லை.

"கோயில்ல சொல்லுவோம். வீட்டுல மாட்டோம். சும்மா எந்திரிச்சிடுவோம். எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்னு நெனச்சிருந்தேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னால ஆமென்னு சொன்னாங்க. யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சு அழுதுட்டேன்."

"இப்ப நீங்க சொல்லணும்னு வந்திருக்கீங்க."

"வேற ஆளு இல்லம்மா. குளிர்காலத்துல தம்பி போயிட்டான். அவனுக்கும் புள்ளை இல்ல, எனக்கும் இல்ல. நான் சொல்லலைன்னா அது அப்படியே நின்னுடும். திங்கக்கிழமை காலையில எனக்கு பஸ்ஸு."

(இந்த இடத்தில் எனக்கு மார்சலியின் மேல் சந்தேகம் வந்தது. ஆளின் மேல் அல்ல, பாத்திரத்தின் மேல். இவ்வளவு நல்ல ஏக்கத்தோடு ஒருத்தி வந்தால் வாசகர் நம்ப மாட்டார், நானும் நம்ப மாட்டேன். ஆகவே அவளுடைய குறைகளையும் பதிவு செய்கிறேன்: மேசையில் இருந்த ஷார்ட்பிரெட் பிஸ்கட்டைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பைக்குள் போட்டாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். என் மூக்கைப் பற்றி ஒன்று சொன்னாள். இனி நம்பலாம்.)

5

பிற்பகலில் நாங்கள் இருவரும் மேட்டில் ஏறினோம். அவளுடைய காலும் என் முழங்காலும் சேர்ந்து ஒரு முழு ஆளின் வேகத்துக்கு நடந்தன.

ஓடையைத் தாண்டினோம். மேலே இன்னும் தள்ளி நாலைந்து வீடுகளின் சுவர்கள் இடுப்பளவுக்கு நின்றன. ஆனால் ஓடையைத் தாண்டியதும் முதலில் இருக்க வேண்டிய வீடு இல்லை. அங்கே தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடி அடர்ந்திருந்தது. மனிதர்கள் குடியிருந்த மண்ணில்தான் அது அப்படி வளரும். செடிகளுக்கு நடுவே இயந்திரச் சக்கரம் உழுத தடம், வெளுத்த புல், கல் பெயர்த்த குழிகள்.

"வீடு எங்க?" என்றாள்.

என் கண் தானாகக் கீழே போனது. அங்கிருந்து பார்த்தால் சாலையோரத்துக் கற்குவியல் நன்றாகத் தெரிந்தது. வெயில் அதன்மேல் மட்டும் விழுந்திருந்தது. யாரோ ஏற்பாடு செய்ததுபோல.

அவளும் அங்கே பார்த்தாள்.

முந்தைய வரைவில் அவள் இந்த இடத்தில் மண்டியிட்டு அழுதாள். அது நடக்கவில்லை. நடந்தது இதுதான்: செந்தட்டிக்குள் கையை விட்டு எதையோ தேடினாள். கை முழுக்கத் தடித்துப்போனது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். அதை நான் எந்தத் தாளிலும் எழுத மாட்டேன், ஆனால் அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எங்கள் மொழியில் இல்லை.

கீழே இறங்கிக் கற்குவியலைச் சுற்றி வந்தோம். பின்பக்கத்தில் அல்ல, முன்பக்கத்திலேயே, பலகைக்கு நேர் கீழே இருந்தது உரல். வாய் நிறைய மண் போட்டு ஊதாநிற பெட்டூனியாப் பூ நட்டிருந்தார்கள். மார்சலி பூவின் வேரோடு விரலை விட்டு, உள்ளே உலக்கை தேய்த்த வழவழப்பைத் தடவிப் பார்த்தாள்.

"பூ வெச்சிருக்கானுங்க" என்றாள். "நல்லாத் தண்ணி ஊத்தி வெச்சிருக்கானுங்க."

6

டார்க்வில் புகைப்படக்காரரோடு வந்தார். கில்ட், வெள்ளிப் பொத்தான், இடுப்பில் யாரையும் குத்தியிராத கத்தி.

"ஆஹா, பங்காளி! சரியான கல்லுக்கிட்ட நிக்கிறீங்க. மத்ததெல்லாம் இயந்திரம் அள்ளிக்கிட்டு வந்துச்சு. இது ஒண்ணை மட்டும் நானே என் கையால ஒத்தைச் சக்கரத் தள்ளுவண்டியில வெச்சு இறக்கினேன். பாத்ததும் பிடிச்சுப்போச்சு."

"எங்கேருந்து?"

"மேலேருந்து. சும்மா கெடந்துச்சு."

"சும்மா கெடக்கல. எங்க வீட்டு வாசல்ல கெடந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

"அம்மா, அங்க வீடுன்னு ஒண்ணும் இல்லையே. இடிஞ்ச சுவருதான்."

"யாரு இடிச்சா?"

இரண்டு இறகுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பாருங்க, இது உங்களுக்காகத்தான் கட்டினது. போனவங்க நினைவா."

"எங்க நினைவா கட்டுறதுக்கு எங்க வீட்டையே பிரிச்சீங்களா?"

"நாங்க வேணும்னா உங்க குடும்பத்துப் பேரைப் பலகையில சேத்துடறோம். இல்லைன்னா ஆயுள் உறுப்பினரா —"

"எந்த ஆயுளுக்கு? எனக்கு எழுபத்தொண்ணு."

இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். தேவன் மன்னிப்பாராக. மார்சலி சிரிக்கவில்லை. அவளுடைய குரல் இறங்கிவிட்டது.

"எனக்குக் கல்லு வேணாம் ஐயா. நிலைப்படி எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும். அந்த உரலுக்குப் பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை சொல்லணும். இப்ப அந்தப் புல்லுல நான் எங்க போயி நிக்கிறது?"

"என்ன வார்த்தை?"

அவள் சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பதுபோல. கிழவர், உத்தரம், கயிறு, ஆமென், செத்துப்போன தம்பி. டார்க்வில் வாயைத் திறந்தார். அவருடைய வாயிலிருந்து சொல் வராத ஒரே தருணமாக அதை நான் பதிவு செய்கிறேன். பிறகு புகைப்படக்காரர் அழைத்தார். போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, பூ தெரியும்படி சற்று விலகி, சிரித்தார்.

அந்தச் சிரிப்பை ஒரு முழுப் பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். நல்ல பக்கம். நஞ்சு சரியான அளவில் சேர்ந்திருந்தது. எடுத்துவிட்டேன். ஏன் என்று பிறகு தெரியும்.

போகும்போது என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "டோலினா, இது மலர்ல வர வேண்டாம்" என்றார்.

"உங்க மலரைக் கெடுக்க மாட்டேன்" என்றேன்.

மார்சலியை வீட்டுக்கு அழைத்துப்போய் அவள் கையில் ஓட்ஸ் மாவைக் குழைத்துப் பூசினேன். எனக்குத் தெரிந்த ஆறுதலையும் சொன்னேன். ஆண்டவர் எங்கும் இருக்கிறவர். செந்தட்டிச் செடிக்கு நடுவில் நின்று சொன்னாலும் அவருக்குக் கேட்கும்.

"அவருக்குக் கேக்கும், எனக்குத் தெரியாதா?" என்றாள். "உங்க ஆண்டவரு எங்க வேணும்னாலும் இருப்பாரு. எங்க கிழவரு அந்த வாசல்லதான் இன்னும் முட்டி போட்டுக்கிட்டு இருக்காரு. அவருக்குக் கேக்கணும்."

இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுக்கிறேன். மறுபடியும் ஓட்ஸ் மாவைக் குழைக்கத் தொடங்கினேன்.

7

இப்போது முடிவுக்கு வர வேண்டும். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று. அன்றைய விருந்தில் சர் இவானுக்காக எல்லோரும் கோப்பையை உயர்த்தும்போது மார்சலி எழுந்து நின்று பேசுகிறாள். மண்டபம் அடங்குகிறது. தலைகள் குனிகின்றன. இந்தப் பேச்சை எழுதி முடித்தேன். மிக நன்றாக வந்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அது அவளுடைய பேச்சே அல்ல, பல வருடங்களாக நான் பேச விரும்பியது. உண்மையில் அவள் அன்று மூலைமேசையில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பைப் ஊதுகிறவர்களோடு சீட்டாடினாள். "அடப்பாவி, இந்த ராணி எப்படி உன் கைக்கு வந்துச்சு?" என்று அவர்களில் ஒருவன் கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது. கோப்பையை உயர்த்திய நேரத்தில் அவள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். யாரும் கவனிக்கவும் இல்லை.

இரண்டு. கற்குவியல் சரிந்து டார்க்வில்லின் மேல் விழுகிறது. இதை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ரசித்து எழுதியதற்கும் சேர்த்து.

மூன்று. மார்சலி எதுவும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். வாழ்க்கையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இதைத்தான் எழுதி முடிக்க இருந்தேன். கடைசி வரியும் தயாராக இருந்தது: "மலைகள் மட்டும் மௌனமாக —"

மலைகளை விட்டுவிடுகிறேன். அவை இதில் எதுவும் செய்யவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் ஓய்வுநாளில் துணி காயப்போட மாட்டார்கள். அன்று சங்கத்தார் தங்கள் கட்டத் துணிகளைக் கோயிலுக்கு எடுத்து வந்து ஆசீர்வதிக்கச் சொல்வது இந்த விழாவின் உச்சம். முன்னோர்களின் வழக்கம் என்று நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. முன்னோர்கள் கேட்டிருந்தால் நாயை ஏவிவிட்டிருப்பார்கள்.

ஊர்வலத்தை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர், மற்ற ஞாயிறுகளில் கால்ஃப் ஆடப் போகிற டார்க்வில். யார் முன்னே, யார் பின்னே, கொடி எந்தத் தோளில் என்று எல்லாம் அவர் வகுத்தது. ஆனால் அவர் வரவில்லை. "வயித்துக் கோளாறு" என்றார் அவருடைய மனைவி. ஆட்டுக்கறி என்று நினைத்தேன். நினைத்ததில் சிறிது மகிழ்ச்சி இருந்ததையும் மறைக்கவில்லை. தளபதி இல்லாத படை கோயில் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. டெக்சாஸ் பல் மருத்துவர் கொடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மார்சலி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போதகர் முடித்ததும் "ஆமென்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். கோயிலில் சொல்லலாம் அல்லவா.

மாலையில் விடைபெறும் தேநீர். டார்க்வில் வந்திருந்தார், வெளிறிப்போய், நிமிர முடியாமல் சற்றுச் சாய்ந்து நடந்தபடி. எப்போதும் எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கித் தோள்வரை ஆட்டிவிடுகிறவர் அன்று ஒருவர் கையையும் தொடவில்லை. கைகளைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். புறப்படும் விருந்தாளிகள் நீட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. "கர்வம்" என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அந்தச் சொல்லின் மேல் இப்போது ஒரு கோடு இருக்கிறது.

9

திங்கட்கிழமை காலை மார்சலியை என் காரில் ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் புறப்பட்டேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பள்ளத்தாக்கின் வாசலுக்கு வந்ததும் அவள் என் கையைத் தட்டினாள்.

"நிறுத்து, நிறுத்து. அங்க பாரு!"

கற்குவியலின் அடியில், பலகைக்குக் கீழே, பெரிய பொந்து. உரலைக் காணவில்லை. மேலே இருந்த கற்கள் சில சரிந்து புல்லில் கிடந்தன.

"பாத்தியா? கடைசியில அதையும் தூக்கிட்டானுங்க! என்ன ஜனங்கடி நீங்க?"

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். நானும் இறங்கினேன். பொந்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதில் பெட்டூனியாப் பூக்கள், ஒரு வேரும் அறுபடாமல், புதிய மண்ணில் நட்டு, தண்ணீர் ஊற்றி வைக்கப்பட்டிருந்தன.

திருடுகிறவர்கள் பூவை வாளியில் நட்டுவிட்டுப் போவதில்லை. மார்சலி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு புல்லைப் பார்த்தாள். வாளிக்குப் பக்கத்திலிருந்து மேட்டை நோக்கி ஒற்றைச் சக்கரத்தின் தடம் போனது. ஆழமாக, மண்ணைப் பிளந்துகொண்டு, நின்று நின்று, சில இடங்களில் பின்னுக்குச் சறுக்கி, மறுபடியும் ஏறியிருந்தது. அதன் பக்கத்திலேயே திரும்பி வந்த தடமும் இருந்தது. அது புல்லைச் சற்றே மடக்கியிருந்தது, அவ்வளவுதான்.

"ஏறும்போது பாரம்" என்றாள். "எறங்கும்போது காலி."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பஸ்ஸு நிக்குமா?"

"நிக்கும். டிரைவரு எங்க ஞாயிறுப் பள்ளியில படிச்சவன். நான் சொன்னா நிக்கும். நீ போயிட்டு வா."

(இங்கே ஓர் எழுத்தாளர் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். அவள் பின்னால் ஏற வேண்டும். உரல் அதன் பழைய குழியிலேயே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை அங்கே கொண்டுபோனவர் யார் என்று விசாரிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை அது கீழே இருந்தது. நடுவில் இருந்தது ஓய்வுநாள் மட்டும். ஓய்வுநாளில் வேலை செய்வது பாவம். தேவைக்கும் இரக்கத்துக்கும் செய்கிற வேலைக்கு விலக்கு உண்டு என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிறுகளில் கால்ஃப் ஆடுகிறவர்களுக்கு அப்படி ஒரு விலக்கு இருப்பது தெரிந்திருக்காது. தெரியாமலேயே செய்திருக்கிறார்கள்.

யார் என்று சொல்ல மாட்டேன். யாரும் பார்க்கக் கூடாது என்று ஒருவர் எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு நான் போய்ச் சாட்சி சொல்வது அழகல்ல. ஆனால் ஒன்று. இதுவரை எழுதிய ஏளனத்தில் ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை. அந்த வீட்டைப் பிரித்தது பிரித்ததுதான். குவியல் இன்னும் அங்கேதான் நிற்கிறது, பலகையும் பொய்யும் சேர்ந்து. பொந்தை அடைக்கச் சங்கம் ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறது. உரல் எங்கே போனது என்று கூட்டத்தில் கேட்டபோது தளபதி, தெரியாது என்றார். பிறகு அடுத்த பொருளுக்குப் போனார். அவர் சொன்ன பொய்களிலேயே எனக்குப் பிடித்தது அது. ஏளனத்தை முழு மனதோடு எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு மனிதர் இப்படிச் செய்வது பெரிய இடைஞ்சல் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.)

மார்சலி ஏறத் தொடங்கினாள். நான் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

மேலே என்ன இருந்தது, அவள் எங்கே நின்றாள், சொன்னாளா, சொல்ல வாய் வந்ததா, சொன்னபோது அந்த வாசலில் முழங்காலிலிருந்து எழுந்து நடந்தவர் யாராவது உண்டா என்பதையெல்லாம் நீங்கள் உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். எனக்கு அந்த உரிமை இல்லை. என் குடும்பத்தில் ஆமென் பாக்கி நிற்கவில்லை.

பாதை வளையும் இடம் வரை அவள் தெரிந்தாள். காலை இழுத்துக்கொண்டு, அந்தச் சக்கரத் தடத்தின் மேலேயே நடந்து போனாள். அதற்கப்புறம் தெரியவில்லை. காற்று மேட்டிலிருந்து நேரே காரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே யாராவது இருமினால்கூட இங்கே கேட்டுவிடும்.

கார் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினேன்.